குரங்கு, பை, இருபது காசு

தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கும் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குக் கையில் பிளாஸ்டிக் பையோடு போகிறவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும். பைக்குள் குடை இருக்கலாம், மலைக்கோயில் தேங்காய்மூடி இருக்கலாம், படியேறி நனைந்த சட்டை இருக்கலாம். மரத்தடியில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும் நீண்டவால் குரங்குகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை. பை சரசரத்தால் ஒன்று எழுந்து வரும். இழுக்கும். பை கிழியும். விழுந்தது குடை என்றால் அதை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பையைத் தேடிப் போகும்.

சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். "திமிர் பிடிச்ச குரங்கு" என்பார் ஒருவர். "இதுங்களுக்குப் பிறவியிலேயே திருட்டுப் புத்தி" என்பார் இன்னொருவர். "பாவம், பசி" என்பார் ஒரு பாட்டி. மூவரும் மூன்று விதமாகப் பேசினாலும் செய்வது ஒன்றுதான்: குரங்குக்குள்ளே எதையோ வைத்து, அதைக் காரணமாகக் காட்டுகிறார்கள். ஏன் பறிக்கிறது? திமிர். திமிர் என்று எப்படித் தெரியும்? அதான் பறிக்கிறதே! செக்கு மாடு மாதிரி இந்த விளக்கம் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

சார்லஸ் கர்ட்டிஸ் 1884-இல் இந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கியபோது பிளாஸ்டிக் பை என்ற பொருளே உலகில் கிடையாது. ஆகவே பையைக் கண்டால் பாய்வது பிறவிக் குணமாக இருக்க வழியில்லை. யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யார், எப்படி என்று கண்டுபிடிக்கக் குரங்கின் மண்டைக்குள் போகத் தேவையில்லை. வெளியே நடந்ததை வரிசையாக எழுதினால் போதும். பை சரசரத்தது. குரங்கு இழுத்தது. வாழைப்பழம் கிடைத்தது. முன்னால் ஒன்று, நடுவில் செயல், பின்னால் ஒன்று. இந்த மூன்றையும் பொறுமையாகப் பலமுறை எழுதி, எண்ணி, அதன் பிறகே வாயைத் திறக்கும் துறைக்குப் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று நீளமான பெயர். சுருக்கமாக ஏபிஏ. நம் ஊர்ப் பெற்றோர் இந்தப் பெயரைக் கேட்பது பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான மையங்களில். ஆனால் இந்த இலக்கணம் மையத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒன்றல்ல. குரங்குக்கும் பொருந்தும், பேரங்காடிக்கும் பொருந்தும்.

இதன் வேர் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நம் பினாங்கின் லெபோ பசார் கடைக்கூரைகளில் உட்கார்ந்திருக்கும் புறாக்களின் தூரத்து உறவுக்காரர்களை ஒரு பெட்டிக்குள் விட்டு, எத்தனை கொத்துக்கு ஒரு தானியம் கொடுத்தால் எப்படிக் கொத்துகின்றன என்று அவர் பதிந்தார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மனிதர்களின் அன்றாடச் சங்கடங்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். 1968-இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் அமெரிக்காவில் தொடங்கியது. டொனால்டு பேயர், மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவரும் அதன் முதல் தொகுதியிலேயே இந்தத் துறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எடுத்துக்கொள்ளும் செயல் சம்பந்தப்பட்டவருடைய வாழ்க்கைக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். அது அளக்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். மாற்றம் நம்மால்தான் வந்தது என்று காட்ட முடிய வேண்டும். இன்னும் சில நிபந்தனைகள் உண்டு என்றாலும் இந்த மூன்றும்தான் முதுகெலும்பு.

அளப்பது என்றதும் கருவி, கணினி என்று நினைக்க வேண்டாம். பென்சிலும் கைக்கடிகாரமும் போதும். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது: எதை எண்ணுவது?

"குரங்கு தொந்தரவு செய்தது" என்பதை எண்ண முடியாது. என் தொந்தரவு வேறு, உங்கள் தொந்தரவு வேறு. "குரங்கின் கை அல்லது வாய், மனிதர் வைத்திருக்கும் பையைத் தொட்டு இழுத்தால் ஒன்று, விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் இன்னொன்று" என்று எழுதினால், முன்பின் தெரியாத இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கோட்டைப் போட முடியும். முறைத்தது சேராது. அருகில் வந்து உட்கார்ந்தது சேராது. இப்படி வரையறுப்பது அற்பமான வேலை போலத் தோன்றும். ஆனால் வகுப்பில் "இவன் அடங்கமாட்டான்" என்று ஆசிரியர் சொல்வதையும், "கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்தான், நாற்பது நிமிடத்தில் ஆறு முறை" என்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்ட பெற்றோருக்கு அழத்தான் தோன்றும். இரண்டாவது வாக்கியத்தில் வேலை தொடங்குகிறது.

எண்ணுவதற்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு ஆக்டன் லிண்ட்ஸ்லி என்பவர் ஒரு குரூரமான, ஆனால் அருமையான சோதனை வைத்தார். ஒரு பிணத்தால் செய்ய முடிகிற காரியம் என்றால் அது நடத்தை அல்ல. "சத்தம் போடாமல் இருத்தல்", "இடத்தை விட்டு அசையாமல் இருத்தல்" இவற்றில் எந்தப் பிணமும் முழு மதிப்பெண் வாங்கும். அப்படியென்றால் அதைப் பிள்ளைக்கு இலக்காக வைப்பது என்ன நியாயம்? கையை உயர்த்திக் கேட்கட்டும், கணக்குப் போடட்டும், பந்தை எறியட்டும். இவை எதையும் பிணம் செய்யாது. பள்ளி நாள்களில் "கைகட்டி, வாய்பொத்தி" இருந்ததற்காகப் பாராட்டு வாங்கியவன் என்ற முறையில் இந்தச் சோதனை எனக்குத் தனிப்பட்ட ஆறுதல்.

சரி, எண்ணத் தொடங்குகிறோம். ஒரு மணி நேரத்தில் இருபது பறிப்பு, மூன்று மணி நேரத்தில் முப்பது பறிப்பு, எது அதிகம்? எண்ணிக்கையில் முப்பது. வேகத்தில் இருபதுதான், மற்றது மணிக்குப் பத்துதான். ஆகவே நேரத்தைச் சேர்க்காத எண்ணிக்கைக்கு இந்தத் துறையில் மதிப்புக் குறைவு. சில செயல்களுக்கு எண்ணிக்கையே பொருந்தாது. பிள்ளை இன்று இரண்டு முறைதான் அழுதது என்று சொன்னால் நிம்மதியாக இருக்கும்; ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று சேர்த்துச் சொன்னால் நிம்மதி போய்விடும். அங்கே கால அளவை அளக்க வேண்டும். இன்னும் சில இடங்களில் தாமதம் முக்கியம்: பை சரசரத்ததற்கும் குரங்கு எழுந்ததற்கும் இடையே எத்தனை நொடி? "சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டதற்கும் பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்ததற்கும் இடையே எத்தனை நிமிடம்?

நாள் முழுவதும் விழித்துப் பார்க்க ஆளில்லை என்றால் மாதிரி எடுக்க வேண்டும். இதில் குரங்கு ஆய்வாளர்களும் நடத்தை ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஒரே முறைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைக் கவனித்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை, கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் எப்படி ஏமாந்துபோவோம் என்று துறைக்கே பாடம் எடுத்தது. சண்டை கண்ணை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது இழுக்காது. விளைவு, குறிப்பேட்டில் குரங்குகள் சதா சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதனால் கடிகாரம் சொல்லும் நொடியில் நிமிர்ந்து பார்த்து, அப்போது என்ன நடக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். வகுப்பறையிலும் இதையே செய்கிறார்கள்.

நேரத்தைத் துண்டுகளாக வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பத்து நொடித் துண்டில் ஒரு நொடி எழுந்து நின்றாலும் "எழுந்தான்" என்று குறித்தால் பையன் உண்மையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாகக் கணக்கு வரும். பத்து நொடியும் முழுதாக நின்றால்தான் குறிப்பேன் என்றால் குறைவாக வரும். பையன் அதேதான், பென்சில் பிடித்த விதிதான் மாறியது. செய்தித்தாளில் எந்த விழுக்காட்டைப் பார்த்தாலும் எப்படி வெட்டினார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

எண்ணுகிறவரையும் அளக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் எட்டுக் கோடு, மற்றவர் பத்துக் கோடு போட்டிருந்தால் ஒப்புதல் 80 விழுக்காடு. வழக்கமாக அதுதான் கீழ் எல்லை. அதிலும் ஓட்டை உண்டு. இருவரும் பத்துப் பத்துக் கோடு போட்டிருக்கலாம். ஆனால் அவர் பார்த்த பத்து வேறு, இவர் பார்த்த பத்து வேறாக இருக்கலாம். அதனால் நிமிடம் நிமிடமாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணி என்ன கிடைத்தது? 1959-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் போகலாம். கனடாவின் வெய்பர்ன் நகரில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே ஒரு நோயாளி, தாதியர் அறைக்குள் ஓயாமல் வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடமாக இதே கதை. தாதியர் பேசிப் பார்த்தார்கள், கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள், தள்ளியும் விட்டார்கள். சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். டியோடோரோ அய்லோன், ஜாக் மைக்கேல் என்ற இருவர் செய்த முதல் வேலை, வருகையை எண்ணச் சொன்னது. நாளுக்குச் சராசரி 16. பிறகு ஒரே ஒரு மாற்றம்: அவர் வந்தால் யாரும் பேசக்கூடாது, கையைப் பிடிக்கக்கூடாது, ஏறிட்டும் பார்க்கக்கூடாது. ஏழாவது வாரத்தில் வருகை நாளுக்கு இரண்டாகக் குறைந்திருந்தது. தாதியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அந்தப் பெண்ணுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையைப் பிடித்து வெளியே கொண்டுபோகும்போதாவது ஒருவர் கூட நடக்கிறாரே.

இந்தத் துறையில் என்னை அசத்தியது இந்த இடம்தான். பரிசா தண்டனையா என்பதைக் கொடுக்கிறவர் தீர்மானிக்க முடியாது. ஒரு செயலுக்குப் பிறகு வந்தது அந்தச் செயலை மறுபடி மறுபடி வரவழைத்தால் அது வலுவூட்டல். மிட்டாயாக இருந்தாலும் சரி, வசவாக இருந்தாலும் சரி. எண்ணிக்கை ஏறினால் வலுவூட்டல், இறங்கினால் தண்டனை, அசையாவிட்டால் இரண்டும் இல்லை.

இப்போது பூங்காவுக்குத் திரும்புவோம். குரங்கு பல்லைக் காட்டி நெருங்குகிறது. பயந்துபோன மனிதர் ரொட்டியை எறிகிறார். குரங்கு ரொட்டியோடு விலகுகிறது. குரங்கு கற்றுக்கொண்டது: பல்லைக் காட்டினால் ரொட்டி. மனிதர் கற்றுக்கொண்டது: ரொட்டியை எறிந்தால் குரங்கு போய்விடும். இருவருக்கும் வலுவூட்டல். அவர் அடுத்த வாரமும் ரொட்டியோடுதான் வருவார். "குரங்குக்குப் பசி" என்று சொல்லிக்கொள்வார். யார் யாரைப் பழக்கினார்கள் என்று கேட்டால், எண்ணிப் பார்த்தவன் என்ற முறையில் குரங்குக்கே என் ஓட்டு. இந்த விஷயத்தில் மனிதன் மட்டும் வாத்தியார் என்று நினைக்க வேண்டாம் என்றாலும், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இ.ஜே.எச். கோர்னர் 1930-களின் பிற்பகுதியில் பெரோக் குரங்குகளைப் பழக்கி, எட்டாத மரக்கிளைகளிலிருந்து பூவும் காயும் பறித்துப் போட வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டளை மலாய் மொழியில்.

"நான் எப்போதாவது ஒரு தடவைதான் கொடுக்கிறேன்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசம். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட தடித்த நூல் முழுக்க இந்தக் கணக்குதான். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கொடுத்துப் பழக்கிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாமல், சில நேரம் மூன்றாவது கொத்துக்கும் சில நேரம் ஐம்பதாவது கொத்துக்கும் கொடுத்துப் பழக்கிய புறா விடாது, கொத்திக்கொண்டே இருக்கும். வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரைக் கேட்டால் விளக்குவார். எப்போதோ ஒருமுறை விழுந்த ஆறுதல் பரிசு அவரை இருபது வருடம் நடக்க வைத்திருக்கிறது.

தீனியை நிறுத்தினால் பழக்கம் அணையும். ஆனால் அணையப்போகிற விளக்கு ஒருமுறை பெரிதாக எரியுமே, அதுபோல முதலில் எண்ணிக்கை ஏறலாம். பறிப்பு கூடலாம், கோபம் கூடலாம். அந்த நேரத்தில் பயந்து ஒரு பழத்தை எறிந்தால் போச்சு: இன்னும் பலமாகப் பறித்தால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. கடையில் பொம்மைக்காகத் தரையில் புரளும் பிள்ளைக்கு மூன்று தரம் மறுத்து நான்காம் தரம் வாங்கிக் கொடுக்கும் அப்பாவும் இதையேதான் செய்கிறார்.

குரங்கு இழுத்த பை எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து. அங்கேயும் ஒரு நடத்தைக் கதை இருக்கிறது, பினாங்கின் சொந்தக் கதை. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பிளாஸ்டிக்கின் கேட்டைப் பற்றி நெடுங்காலம் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டோம், தலையாட்டினோம், பையை வாங்கிக்கொண்டோம். அறிவுரை என்பது செயலுக்கு முன்னால் வருவது. பின்னால் எதுவும் மாறாவிட்டால் அது தனியாக நின்று களைத்துப்போகும். 2009-இல் மாநில அரசு, திங்கட்கிழமைகளில் இலவசப் பை கிடையாது என்றது. 2010-இல் திங்கள், செவ்வாய், புதன். 2011 ஜனவரி 1 முதல் ஏழு நாளும். பை வேண்டுமென்றால் 20 காசு. அந்தப் பணம் ஏழைகளுக்கான நிதிக்கு. பின்னாளில் கட்டணம் ஒரு வெள்ளியாக உயர்ந்தது.

அரசு ஆய்வு நடத்துவதாக நினைத்திருக்காது. ஆனால் முதல் வருடத்தின் வடிவம் ஒரு நல்ல பரிசோதனை. ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர்; திங்கட்கிழமை கட்டணம் உண்டு, வியாழக்கிழமை இல்லை. லெபோ பசாரில் ஒரு மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்து எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பை வாங்குவது திங்களில் இறங்கி, வியாழனில் ஏறி, மறு திங்களில் மறுபடி இறங்கினால், காரணம் மழையோ விலைவாசியோ விழிப்புணர்வோ அல்ல. அந்த 20 காசுதான். பிறகு செவ்வாயும் புதனும் சேர்ந்ததும் அந்த நாள்களில் மட்டும் கோடு இறங்கினால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாற்றம் எதனால் வந்தது என்று காட்டு என்று 1968-இல் மூவர் கேட்டார்களே, அது இப்படித்தான் காட்டப்படும்.

இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் பை தானாக வந்துவிடும்; வாடிக்கையாளர் வாயே திறக்க வேண்டாம். லிண்ட்ஸ்லியின் பிணம்கூட அப்படிப் பை வாங்கியிருக்கும். கட்டணம் வந்ததும் காசாளர் நிமிர்ந்து "பை வேணுமா?" என்று கேட்டார். "வேணும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஒரு சொல் எண்ணத்தக்க செயல். வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுவருவது அதைவிட நல்ல செயல். எண்ணுவதானால் நான் அதைத்தான் எண்ணுவேன்.

அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 யூரோ சென்ட் விதித்தபோது, ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 328 ஆக இருந்த பை 21 ஆக இறங்கியது. கட்டணத்துக்குப் பதில் பரிசு கொடுத்தால்? அமெரிக்கத் தலைநகர்ப் பகுதிக் கடைகளை டாட்டியானா ஹோமனாஃப் ஆராய்ந்தார். சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி என்றபோது ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. பைக்கு 5 சென்ட் வரி என்றதும் பயன்பாடு மளமளவென்று சரிந்தது. அதே 5 சென்ட்! ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் இங்கும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் கடைப் பைக்குத் தடை வந்த இடங்களில் சின்னக் குப்பைப் பைகளின் விற்பனை இரு மடங்குக்கு மேல் ஏறியது. கடைப் பையில் குப்பை கட்டி வந்தவர்கள் காசு கொடுத்துக் குப்பைப் பை வாங்கினார்கள். கடை வாசலில் மட்டும் உட்கார்ந்து எண்ணியவருக்கு இது தெரிந்திருக்காது.

இவ்வளவு பலமுள்ள கருவி தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் இந்தத் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏபிஏ முறையைப் பரப்பிய ஐவர் லோவாஸ், 1960-களில் அந்தக் குழந்தைகளிடம் மின்னதிர்ச்சியையும் அடியையும் பயன்படுத்தினார். அவர் குறைக்க நினைத்த செயல் குறைந்ததா என்றால் குறைந்தது. வரைபடத்தில் கோடு அழகாக இறங்கியது. இன்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி அந்த வரைபடத்தில் இல்லாதது: நான் கையை உதறுவதால் யாருக்கு என்ன கெட்டது? அதை ஏன் எண்ணினீர்கள்? எதை மாற்றலாம் என்று முடிவு செய்வதில் மாற்றப்படுகிறவருக்கும் குடும்பத்துக்கும் பங்கு வேண்டும் என்று மாண்ட்ரோஸ் வுல்ஃப் 1978-இலேயே எழுதினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத மையத்துக்கு என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

மறுபடி குரங்குகளிடம் வருவோம். விலங்கைத் திருத்தாமல் இடத்தைத் திருத்துவது எவ்வளவோ மேல். தெலுக் பாஹாங் சாலையைக் கடக்கும்போது லோத்தோங் குரங்குகள் வண்டியில் அடிபட்டுக்கொண்டிருந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தச் சாதுவான ஜீவன்களுக்குச் சாலை விதி கற்றுக்கொடுக்க யாரும் முயலவில்லை. பினாங்கு லங்கூர் திட்டக் குழுவினர் 2019-இல், தீயணைப்பு வண்டியின் பழைய தண்ணீர்க் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு கேமராவையும் வைத்தார்கள், கடக்கிறவர்களை எண்ண.

அடுத்த முறை தண்ணீர்மலைப் பக்கம் போனால், சரசரக்காத துணிப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் குரங்குக்குத் தீனி போடுவதற்குத் தடை இருக்கிறது; போடாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் கோடு போட்டுப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், அவரும் தனியாகக் கோடு போடட்டும்.